ஊதா இழை

அக்டோபர் 9

ஏசி மெக்கானிக் இன்றும் வரவில்லை. ஹாலில் உட்கார்ந்து வரைந்தால் தாள் காய்வதற்குள் எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது. படுக்கையறை ஏசியில் உட்கார்ந்தால் தூரிகையை எடுப்பதற்குள் தாள் காய்ந்துவிடுகிறது. வாட்டர்கலர் போடுகிறவளுக்கு இந்த வளைகுடா ஊர் ஒத்துவராது என்று கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்றிலிருந்து போட்டுக்கொண்டும் இருக்கிறேன்.

ஆனாலும் இன்று நல்ல நாள். தன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து வரைய மௌஸா சம்மதித்துவிட்டாள். பெண்கள் கிளப்பில் நான் வகுப்பெடுத்தபோது பழக்கமானவள். வயது இருபத்தாறு. விவாகரத்தாகி, ஐந்து வயது மகள் ஷம்மாவோடு அம்மா வீட்டில், அண்ணன் ராஷிதின் பாதுகாப்பில் இருக்கிறாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: யாருடைய முகத்தையும் வரையக் கூடாது. அவளுடையதும் கூடாது, வீட்டுக்கு வந்துபோகும் எந்தப் பெண்ணுடையதும் கூடாது.

யோசிக்காமல் சரி என்றேன். உண்மையில் எனக்கு அது வசதி. அரபுப் பெண் என்றால் கறுப்புத் துணிக்கு நடுவே மை தீட்டிய இரண்டு கண், இதைத்தான் இந்த ஊர் ஃபிரேம் கடை முழுக்க மாட்டி வைத்திருக்கிறார்கள். நான் கைகளை வரையப் போகிறேன். மாவு பிசைகிற கை, காப்பி ஊற்றுகிற கை, பிள்ளைக்குத் தலை பின்னுகிற கை. முகம் வருகிற இடத்தில் தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவிடுவேன்.

"மூஞ்சி இல்லாத படத்த எவன்ட்டி வாங்குவான்?" என்றார் அமலன்.

"நீங்க வாங்காண்டாம்" என்றேன்.

அக்டோபர் 15

முதல் முழு நாள். மௌஸாவின் அம்மாவை எல்லோரும் உம்மு ராஷித், ராஷிதின் தாய், என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவருடைய சொந்தப் பெயரை நானும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. மடிக்கு முன்னால் ஒரு சின்ன இரும்புத் தாங்கி, அதன் மேல் உருளைத் தலையணை, தலையணையிலிருந்து தொங்கும் நூல்கண்டுகள். விரல்கள் ஓடுகிற ஓட்டத்தில் கண்டுகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போடுகின்றன. பெண்களின் சட்டைக் கையோரத்தில் தைக்கிற வெள்ளி நாடாவை அப்படித்தான் பின்னுகிறார்கள். தல்லி என்று பெயர்.

அவர் பின்னுகிற நாடாவில் வெள்ளிக்கு நடுவே ஒற்றை ஊதா இழை ஓடுகிறது. வேறு யாரும் ஊதா சேர்ப்பதில்லையாம். ஏன் என்று கேட்டேன். பொக்கைவாயைத் திறந்து சிரித்தார். கறுப்பு அங்கியில் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் வரிசையாக நின்றாலும் கையோரத்தைப் பார்த்து என் மகளைப் பிடித்துவிடுவேன் என்றார். "நான் மட்டுமில்லை, இந்தத் தெருவே பிடித்துவிடும்" என்றும் சொன்னார். எவ்வளவு அழகான பேச்சு! மறக்கக் கூடாது என்றுதான் உடனே எழுதி வைக்கிறேன்.

அந்த ஊதாவைக் கலந்தெடுக்க மாலை முழுவதும் ஆனது. வயலெட்டில் ஒரு பொட்டுச் சிவப்பு. தாளில் பட்டால் போகவே போகாத நிறம்.

ஷம்மா என் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு, தூரிகை கழுவுகிற தண்ணீரில் விரலை விட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தாள். எந்த நிறத்தைத் தொட்டாலும் உங்கள் பாஷையில் இதற்கு என்ன என்கிறாள். ஊதாவைப் பிடித்துக்கொண்டாள். கிளம்பும் வரை வீடு முழுக்க "ஊதா, ஊதா" என்று ஓடினாள்.

அக்டோபர் 22

சீலா மீன் மலிவு. ஆசைப்பட்டு இரண்டு வாங்கிவிட்டேன். ஃப்ரீசரில் இடமில்லை.

நவம்பர் 6

ஏழு படம் முடிந்தது. அமலனுக்கு ஷிப்ட் மாறியிருக்கிறது. சாப்பாடு, தூக்கம், அவர் கோபம் எல்லாம் அதற்கேற்ப மாறியிருக்கிறது.

வியாழன் வெள்ளியில் ஷம்மா தகப்பன் வீட்டுக்குப் போய்விடுவதால் அந்த நாட்களில் மௌஸாவுக்குப் பேச்சே வராது. போனில் மணி பார்த்துக்கொண்டே இருப்பாள். முன்னாள் மாமியார் உம்மு சயீத் பெரிய மனுஷியாம், சத்தம் போட்டுப் பேசவே மாட்டாராம். "சத்தம் போட்டால் எனக்குப் பயமிருக்காது" என்றாள் மௌஸா.

நவம்பர் 20

இன்று மௌஸா வீட்டில் மருதாணி. எதிர் பிளாட் நஃபீசாதான் மருதாணிக்காரி. காயல்பட்டினத்துக்காரி, இங்கே பார்லர் வைத்திருக்கிறாள். அரபு வீடுகளில் அடுக்களை வரை போய்வருகிற ஆள். அவளோடு நானும் போனேன்.

வாசலிலேயே ஒரு ஓலைக்கூடையில் எல்லோருடைய போனையும் வாங்கி வைத்துவிட்டார்கள். உள்ளே மௌஸாவின் அத்தைமார், சித்திமார், மொத்தமே பத்துப் பேர் இருக்கும். ஊதுபத்தி மாதிரி இல்லாமல் கனமான சாம்பிராணிப் புகை. அங்கியை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, தலைமுடியை விரித்துவிட்டுப் பெண்கள் ஆடினார்கள். இந்த ஊரில் பெண்களுடைய தலைமுடியை இவ்வளவு சேர்த்து நான் பார்த்ததே இல்லை. நடுவில் மௌஸா பச்சைச் சட்டையில் உட்கார்ந்திருந்தாள். கையோரத்தில் அம்மாவின் தல்லி. நஃபீசா அவளுக்கு முழங்கை வரை இட்டாள், உள்ளங்கால் முழுக்க இட்டாள், விரல் நுனிகளைத் தனியாகத் தோய்த்தாள். முடிந்ததும் உம்மு ராஷித் என் மோதிர விரலையும் பிடித்து மிச்ச மருதாணிக்குள் முக்கினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

கிளம்பும்போது மௌஸா என்னைத் தனியாக நிறுத்தி, "எதை வேண்டுமானாலும் வரைந்துகொள், இன்றைக்கு மட்டும் வேண்டாம்" என்றாள். தலையாட்டினேன்.

திரும்பும்போது காரில் நஃபீசாவிடம் கேட்டேன், அது கல்யாணப் பெண்ணுக்கு இடுகிற மருதாணிதானே என்று.

"கேட்டியே, இப்ப காதோட காதா வச்சுக்க" என்றாள். "நேத்து நிக்காஹ் முடிஞ்சிட்டு. அண்ணனும் ரெண்டு சாட்சியும் மட்டுந்தான். மாப்புள அண்ணனுக்குச் சேக்காளி, நல்ல பையன். ஆனா அவ மறுகல்யாணம் பண்ணிட்டான்னு அந்த வீட்டுக்குத் தெரிஞ்சா புள்ளைய எங்க கிட்ட தந்துருன்னு கேட்டு வாங்கிருவாவ. இங்க அப்படித்தான். வார கோடையில புள்ள தகப்பன் வேலைக்கு வெளிநாடு போறான். அதுக்குப் பொறவு ராஷித் உக்காந்து பேசி முடிச்சிருவான். அது வரைக்கும் வாயத் தொறக்கப்படாது."

"அப்போ எதுக்கு இவ்வளவு மருதாணி?"

"மொதக் கல்யாணத்துல அவளுக்குப் பதினேழு வயசு. அழுதழுது கையெல்லாம் மருதாணி இழுகிப்போச்சாம். ஒரு தடவையாச்சும் எம் மவ சிரிச்சிக்கிட்டே இட்டுக்கட்டும்னு உம்மாக்காரிக்கு ஆசை. கதவ மூடிட்டு இட்டா யாருக்குத் தெரியப் போவுது?"

நவம்பர் 21

விரலில் கறை நன்றாகப் பிடித்திருக்கிறது. தோலில் இருப்பது இரண்டு வாரத்தில் போய்விடும், நகத்தில் இருப்பது நகம் வளர்ந்து வெட்டுப்பட்டால்தான் போகும் என்கிறாள் நஃபீசா. சர்ச்சில் ஒருத்தி, "என்ன ரோஸ்லின், ஒரு வெரலுக்கு மட்டும் கல்யாணமா?" என்றாள்.

நவம்பர் 28

மௌஸா ஷம்மாவைக் கொண்டுவிட வாசலுக்குப் போகும்போது கறுப்புக் கையுறை போட்டிருந்தாள். வெளியே வெயில் கொளுத்துகிறது. வண்டி கிளம்பும் வரை கையை அசைக்காமல் நின்றாள். ஷம்மா உள்ளேயிருந்து அசைத்துக்கொண்டே போனாள்.

டிசம்பர் 3

வரைந்துவிட்டேன்.

வேண்டும் என்று உட்காரவில்லை. பழைய தாள் ஒன்றில் பழுப்பு நிறத்தைச் சோதித்துக்கொண்டிருந்தேன், அது மருதாணியாகிவிட்டது. அப்புறம் கை வந்தது, முழங்கை வந்தது, பச்சைச் சட்டை வந்தது. மடக்கிய பாதம் ஒன்று. நுனி தோய்ந்த விரல்கள். கையோரத்தில் வெள்ளியை வரையவில்லை, தாளையே விட்டேன், அதற்கு நடுவே அந்த ஊதா இழையை ஒரே இழுப்பில் இழுத்தேன். கழுத்துக்கு மேல் வெறும் வெள்ளை.

இந்த மாதிரி ஒன்றை நான் இதுவரை போட்டதில்லை. அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பவும் வந்து பார்த்தேன். எனக்கே அழுகை வந்தது.

முகம் இல்லை. முகம் கூடாது என்பதுதானே பேச்சு. எனக்காக மட்டும் போட்டது, பெட்டிக்குள் இருக்கட்டும்.

டிசம்பர் 10

கேலரி நடத்துகிற லினா படங்களைப் பார்க்க வந்தாள். லெபனான்காரி, வாசனைத் திரவியத்தில் குளித்துவிட்டு வருவாள். பதினான்கு படத்தையும் சோபாவில் சாய்த்து வைத்தேன். "நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு" என்று கடைக்குப் போன மாதிரி நடந்தாள். பெட்டியில் என்ன என்று கேட்டாள். காட்டினேன்.

அவள் கைப்பையைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். பிறகு, கண்காட்சியே இதுதான், அழைப்பிதழில் போடப்போவதும் இதுதான் என்றாள். மற்றது எல்லாம் இதற்குத் துணை என்றாள். பதினைந்து வருடமாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஆப்பிளும் வாழைப்பழமும் வரையச் சொல்லிக்கொடுத்த எனக்கு இப்படி ஒருவர் சொல்லிக் கேட்பது எப்படி இருந்திருக்கும்! ஆமாம், சந்தோஷம்தான். எழுதினால் என்ன.

கையேட்டுக்கு நான்கு வரி எழுதித் தரச் சொன்னாள். எழுதினேன்: "இந்தப் படங்களில் கற்பனை எதுவும் இல்லை. எல்லாம் அவர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து நான் கண்ணால் கண்டது." அரபியிலும் போடுவார்களாம்.

டிசம்பர் 14

தோசைமாவு கேட்டு வந்த நஃபீசா சுவரோரத்தில் சாய்த்திருந்த படத்தைப் பார்த்துவிட்டாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"என்னளா இது?"

"முகம் இல்லையே, நஃபீசா."

"முகம் எதுக்கு? இது என் கை போட்ட கோலம். ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியும். அதயாவது வேற யாருக்கோ போட்டேன்னு நான் சொல்லிருவேன். இந்த நூலுக்கு நீ என்ன சொல்லுவ? ஒன்னய நம்பி ஒரு வூட்டுக்குள்ள கூட்டிட்டுப் போனேன். கழுவிரு. இப்பவே கழுவிரு."

அவள் போனபிறகு தூரிகையை நனைத்துக்கொண்டு படத்துக்கு முன்னால் நின்றேன். அந்த ஊதா கழுவிப் போகாது, ஆனால் மேலே ஒரு கறுப்பை இழுத்தால் மறைந்துவிடும். ஒரே இழுப்பு. அவ்வளவுதான் வேலை. தூரிகை நுனியிலிருந்து தண்ணீர் என் பாதத்தில் சொட்டிக்கொண்டே இருந்தது.

அமலன் சாப்பிட உட்கார்ந்து கூப்பிட்டார். ரசம் சூடு பண்ணப் போனேன்.

டிசம்பர் 15

லினாவின் ஆள் வந்து படங்களை எடுத்துப்போனான். எல்லாவற்றையும்.

டிசம்பர் 25

பூசை முடிந்து வந்தபோது வாசலில் மௌஸா வீட்டு டிரைவர். ஒரு தட்டு பேரீச்சம்பழம், உம்மு ராஷித் எனக்காகவே பின்னிய ஒரு முழம் தல்லி. ஊதா இழையோடு. இனி நீயும் எங்கள் வீட்டுப் பெண் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

போனில் நன்றி சொன்னேன். எந்தெந்தப் படம் வைக்கிறாய் என்று மௌஸா கேட்டாள். எல்லாம் கைகள்தான் என்றேன். சிரித்தாள். தான் வர முடியாது, கூட்டத்துக்குள் வந்தால் பேச்சு வரும், ஆனால் உனக்காகச் சந்தோஷப்படுகிறேன் என்றாள்.

நஃபீசாவுக்குக் கேக் கொண்டுபோனேன். கதவைத் திறக்கவில்லை. உள்ளே டிவி ஓடியது.

ஜனவரி 17

திறப்புவிழா. பட்டுச்சேலை கட்டினேன். உம்மு ராஷித் கொடுத்த தல்லியை ரவிக்கைக் கையில் தைத்துப் போட்டுக்கொண்டேன். எல்லோரும் அது என்ன, அது என்ன என்று கேட்டார்கள். ஒருவர் விடாமல் விளக்கம் சொன்னேன்.

நல்ல கூட்டம். எட்டு மணி இருக்கும், வயதான அம்மா ஒருவர் மெதுவாக நடந்து வந்தார். கையைப் பிடித்துக்கொண்டு ஷம்மா! ரிப்பன் கட்டி, பளபள சட்டை போட்டு. அப்போதுதான் இன்று வெள்ளிக்கிழமை என்பதும், அந்த அம்மா உம்மு சயீத் என்பதும் புத்திக்கு எட்டியது. அழைப்பிதழைப் பார்த்துவிட்டு வந்தேன், படம் மனதில் நின்றுவிட்டது என்றார். குரல் அவ்வளவு இனிமை.

ஷம்மா என்னைக் கண்டதும் ஓடிவந்தாள். பிறகு பெரிய படத்தைப் பார்த்தாள். கையைத் தூக்கிக் காட்டி, "ஊதா!" என்று கத்தினாள்.

உம்மு சயீத் குனிந்து, குழந்தை என்ன சொல்கிறது என்று என்னைக் கேட்டார். எங்கள் பாஷையில் இந்த நிறத்துக்குப் பெயர், நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்றேன். படத்தில் எது அந்த நிறம் என்று கேட்டார். காட்டினேன். என் விரலால் காட்டினேன்.

அவர் நெடுநேரம் நின்று பார்த்தார். பிறகு அந்தப் படம் தனக்கு வேண்டும் என்றார். கண்காட்சி முடிகிறவரைக்கும் சுவரில் இருக்கும் என்று லினா சொல்லிப் பார்த்தாள். அவர் மறுபடியும் அதே இனிமையோடு, இப்போதே வேண்டும் என்றார். கட்டிக் கொடுத்தார்கள். கையேடு ஒன்றும் வாங்கிக்கொண்டார்.

முதல் நாளே முக்கியமான படம் விற்றுவிட்டது. அமலன் எல்லோருக்கும் ஜூஸ் வாங்கிக் கொடுத்தார்.

ஜனவரி 18

தலைவலி. படுத்தே இருந்தேன். சுவரில் அந்த ஆணி மட்டும் நிற்கிறதாம். வேறு படம் கொடு என்கிறாள் லினா.

ஷம்மா நேற்றிரவு வீடு திரும்பவில்லை என்று மௌஸா வீட்டு டிரைவர் போனில் சொன்னான்.

ஜனவரி 20

மௌஸாவை மூன்று முறை அழைத்தேன். எடுக்கவில்லை. ஏசி மெக்கானிக் ஒருவழியாக வந்தான். கேஸ் நிரப்பினான்.

ஜனவரி 24

மௌஸா வந்தாள். இந்த வீட்டுக்கு அவள் வருவது இதுதான் முதல்முறை. முகத்திரையை எடுக்காமலே நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். டீ கொடுத்தேன், தொடவில்லை.

குழந்தையை அனுப்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். கோர்ட்டுக்குப் போகும் முன் இரு வீட்டுப் பெண்களும் உட்கார்ந்து பேசுவது இங்கே வழக்கம். உம்மு சயீத் வீட்டில் கூடுகிறார்கள். நீ வந்து ஒரே ஒரு வார்த்தை சொல் என்றாள். அந்தச் சாயங்காலம் நடக்கவில்லை, படம் நீயாகக் கற்பனை செய்தது, அழகுக்காகத் தல்லியையும் மருதாணியையும் சேர்த்துவிட்டாய் என்று. சபைக்கு வந்த விருந்தாளி சொன்னால் உம்மு சயீத்தால் அதை மறுத்துப் பேச முடியாது. அவர் கௌரவம் பார்க்கிறவர்.

சொல்கிறேன் என்றேன். கட்டாயம் சொல்கிறேன் என்றேன்.

என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. எழுந்தபோது, "அவள் இடது பக்கமாகப் படுத்தால்தான் தூங்குவாள். அங்கே யாருக்கும் அது தெரியாது" என்றாள். அதை ஏன் என்னிடம் சொன்னாளோ.

ஜனவரி 30

நாளை மறுநாள் போக வேண்டும். அமலன் மொட்டைமாடிக்குக் கூப்பிட்டுக்கொண்டு போய்ப் பேசினார்.

"போ, வேண்டாங்கல. ஆனா எங்க கம்பெனில மேல இருக்கவன் அந்தக் கெழவிக்கு அண்ணன் மவன். அது மட்டும் ஞாபகத்துல இருக்கட்டும். நம்ம நாளைக்கு இங்கயே இருக்கணுமா வேண்டாமா?"

"ஒரு பிள்ளையோட விசயம்ங்க."

"அந்த நெனப்பு பெட்டியத் தொறக்கும்போது வந்திருக்கணும்" என்றார்.

பிப்ரவரி 1

உம்மு சயீத் வீட்டுப் பெரிய கூடம். இரண்டு பக்கமும் பெண்கள். நடுவே நாற்காலியில் என் படம், சுவரில் மாட்டாமல், ஆள் உட்கார்ந்திருப்பது மாதிரி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் கையேடு. மௌஸாவும் அவள் அம்மாவும் எனக்கு எதிரில். உள்ளே எங்கோ ஒரு குழந்தை கார்ட்டூன் பார்க்கிற சத்தம்.

உம்மு சயீத் தன் கையாலேயே எனக்குக் காப்பி ஊற்றினார். "நீ வெளியூர்ப் பெண். உன் மேல் எனக்கு வருத்தமே இல்லை. நல்ல படம் போட்டிருக்கிறாய்" என்றார். "ஒன்றே ஒன்று கேட்கிறேன். இது கண்ணால் கண்டதா, கற்பனையா?"

மௌஸா என்னையே பார்த்தாள். உம்மு ராஷித் என் ரவிக்கைக் கையைப் பார்த்தார். நல்லவேளை, இன்று வேறு ரவிக்கை.

கற்பனை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அமலன் முகம் வந்தது. கையேட்டில் நான் எழுதிய வரி வந்தது. இன்னொன்றும் வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்: என் வாழ்க்கையில் நான் போட்ட ஒரே நல்ல படத்தை இத்தனை பேருக்கு முன்னால் பொய் என்று சொல்ல எனக்கு மனது வரவில்லை.

"சரியாக ஞாபகம் இல்லை" என்றேன்.

உம்மு சயீத் கப்பை வாங்குவது போல என் கையைப் பிடித்தார். மோதிர விரலைத் திருப்பி, நகத்தில் பாதி வரை வளர்ந்து நின்ற மருதாணிச் சிவப்பைப் பார்த்தார். என் கையை என் மடியிலேயே திரும்ப வைத்தார். இன்னொரு கப் ஊற்றினார். அதைக் குடித்து முடிக்கும்வரை நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

நான் ஆமாம் என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 2

ஆமாம் என்று நான் சொல்லவே இல்லை.

பிப்ரவரி 19

நஃபீசா வீடு காலி செய்துகொண்டு போகிறாள். பார்லருக்கு ஆள் வருவது நின்றுவிட்டதாம். லிஃப்டில் பார்த்தேன். "புள்ள அங்கயே தங்கிட்டு. உம்மாக்காரிக்கு மாசத்துல ஒருநா, அதுவும் அவ்வொ கூடத்துல வச்சு" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, லிஃப்ட் கதவைப் பார்த்துச் சொன்னாள்.

மார்ச் 11

லினாவிடமிருந்து போன். தலைநகரில் பெரிய கேலரியில் கேட்கிறார்களாம். விற்றுப்போன படத்துக்குப் பதிலாக ஒன்று வேண்டும், அம்மாவும் மகளும் என்றால் நன்றாக இருக்கும் என்றாள். ஷம்மாவைப் போடலாம் என்று உட்கார்ந்தேன். அவள் முகத்தைப் போடக் கூடாது என்று சொல்ல இப்போது யாரும் இல்லை.

தண்ணீர்க் கிண்ணம் வந்தது. அதற்குள் விட்ட சின்ன விரல் வந்தது, மணிக்கட்டில் இருந்த கறுப்புக் கயிறு வந்தது, ரிப்பன்கூட வந்தது. முகம் வரவில்லை. எத்தனை சாயங்காலம் என் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்த பிள்ளை. கண் எப்படி இருக்கும், சிரித்தால் கன்னம் குழியுமா, ஒன்றும் தெரியவில்லை. நான் பார்க்கவே இல்லை. நான்கு தாள் வீணானது.

மருதாணி நகத்தின் நுனிக்கு வந்துவிட்டது. வாஷ்பேசினில் நின்று வெட்டினேன். சிவப்பாகப் பிறை மாதிரி விழுந்தது. குழாயைத் திறந்துவிட்டேன்.

ஷிப்ட் முடிந்து வந்த அமலன் லஞ்ச் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே மேஜையருகில் நின்று பார்த்தார்.

"இந்தப் புள்ளைக்கும் மூஞ்சி வேண்டாம்னு யாருட்டி சொன்னா?" என்றார்.

யாரும் சொல்லவில்லை என்றேன்.